பழைய ஊர்த் துறை வழியாக

போன வாரம் உங்களில் ஒருத்தி என்னைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, எனக்குக் கொள்ளிடத்துக்கு நடுவுல ஒரு ஊரு குடுத்துருக்காங்க. என்னா எடுத்துகிட்டுப் போவணும்?" என்று கேட்டாள். "பையில என்னா இருக்கணும்னு உனக்கே தெரியும். மொதல்ல சாயங்காலம் சாயங்காலம் அந்த ஊரச் சுத்தி நட" என்றேன். கிழவி ஏதோ வேதாந்தம் பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். போனில் விளக்க முடியவில்லை. அதனால் அவளுக்கும், அவளோடு புதிதாகக் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகர். கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கடலை எனக்குத் தெரியும். ஆற்றைத் தெரியாது. கடல் எதிரே நின்று மிரட்டும். அதன் முகத்தைப் பார்த்தால் இன்று போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம். ஆறு அப்படியில்லை. எங்கேயோ பெய்த மழையை முதுகில் சுமந்துகொண்டு, நாம் துணி காயப்போடுகிற வெயிலில் வந்து வாசலில் நிற்கும்.

என் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த ஊரைப் புங்கந்திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மைப் பெயர் இல்லை. நான் சொல்லப் போகிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், அதனால் மாற்றியிருக்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து தெற்கே போனால் கொள்ளிடம். ஓரிடத்தில் அது இரண்டாகப் பிரிந்து, கொஞ்சதூரம் போய் மறுபடி ஒன்று சேர்கிறது. தெற்கே ஓடுவது பெரிய ஆறு. வடக்கே ஓடுவது பழைய ஆறு. பழைய ஆற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலும் நாணலும்தான். இரண்டுக்கும் நடுவே மேற்கு கிழக்காக நீண்டு கிடக்கும் மேடுதான் புங்கந்திட்டு. கிழக்கு முனையில் பழைய ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம். அதைக் கடந்தால் வடகரை, தார் ரோடு, சிதம்பரம் பஸ். வண்டல் மண்ணில் முல்லையும் கத்தரியும் மிளகாயும் நன்றாக வரும். விடிவதற்குள் பூப்பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பெண்கள் அந்தப் பாலத்தின் மேல் வரிசையாகப் போவார்கள்.

மேட்டூர் நிரம்பி, கீழணையில் மதகுகளைத் தூக்கினால் முதலில் பழைய ஆற்றில் மணல் கருக்கும். பிறகு பாலம் முழுகும். அதற்குப் பிறகு புங்கந்திட்டுக்குப் படகுதான்.

நான் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாதது அந்த ஊரின் கதவு எண்கள். தெருவின் முதல் வீட்டில் முப்பத்தேழு என்று இருக்கும். பக்கத்து வீட்டில் ஆறாம் எண். ஒன்றாம் எண் தெருவின் கடைசியில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். தடுப்பூசி போட வீடு தேடி அலைந்து ஒருநாள் அந்த ஒன்றாம் எண் வீட்டு வாசலில் நின்று, "யாரும்மா இந்த நம்பரெல்லாம் போட்டது?" என்று சலித்துக்கொண்டேன். அந்த வீட்டுக்காரி முறத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. கணவனை இழந்தவள்; ஒரே மகன்.

"நம்பர் சரியாத்தான் போட்டாங்க நர்ஸம்மா. ஊருதான் எடம் மாறிப்போச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே என்னை மேற்கே கூட்டிக்கொண்டு நடந்தாள். கருவேல முள்ளுக்குள் ஒற்றையடிப் பாதை. திட்டின் மேற்கு முனைக்குப் போனதும் இடுப்பளவு செங்கல் சுவர் ஒன்று தெரிந்தது. அது பழைய பள்ளிக்கூடம். கொஞ்சம் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில், பழைய ஆற்றுக்குள் இறங்கும் நாலைந்து கருங்கல் படிகள். பழைய ஊர்த் துறை என்றாள். அவளுடைய தாத்தா காலத்தில் ஊர் அங்கேதான் இருந்திருக்கிறது. பெருவெள்ளம் ஒன்று வந்து அத்தனை மண்வீடுகளையும் கரைத்துவிட்டது. மரக்கதவுகள் மட்டும் மிதந்து, கீழே புங்கமரங்களில் சிக்கி நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஆளுக்கொரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்து, கிழக்கே மேடாக இருந்த இடத்தில் கதவை நட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கதவு எங்கே நின்றதோ அங்கே வீடு. கதவில் எழுதியிருந்த எண்கள் பழைய ஊரின் வரிசையில் அப்படியே இருந்தன. வீடுகளைத் திரும்பக் கட்டியபிறகும் எண்ணை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

"இந்தப் பக்கம் யாரும் வர்றதில்லயா?"

"ஆடியில கூழு ஊத்த வருவோம். மத்தபடி என்னாத்துக்கு? முள்ளு ஜாஸ்தி. அப்புறம், செத்தவங்க ஊரு."

அதற்குப் பிறகு நான் அடிக்கடி சாயங்காலங்களில் நடந்தேன். எந்தத் தெரு எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, எங்கே முதலில் தண்ணீர் ஏறும், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு ஏன் பேசுவதில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. இதற்கெல்லாம் நம் பயிற்சியில் மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் "ஒத்துழைக்கவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு வருகிறோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் பல சமயம் ஒரு சாவு இருக்கும்.

அஞ்சலையிடமும் இருந்தது. அவள் அதை என்னிடம் சொல்ல வருஷக்கணக்கானது. அவளுக்குக் கஸ்தூரி என்று ஒரு தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள், மாப்பிள்ளை தனபால். ஊருக்கு இருந்த ஒரே பெரிய படகு அவருடையது. கஸ்தூரிக்குத் தலைப்பிரசவத்தில் வலி கண்டபோது தரைப்பாலம் முழுகிக் கிடந்தது. தனபால் அவளைப் படகில் ஏற்றி, எப்போதும் போகிற வழியில், பாலத்தை ஒட்டியே வடகரைக்கு விட்டிருக்கிறார். பாலத்தின் மேல் விழுந்து மறுபக்கம் இறங்கும் தண்ணீர் படகைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிட்டது. அஞ்சலையும் அந்தப் படகில் இருந்தாள். தனபால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார். கஸ்தூரி கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தாள்.

அதற்குப் பிறகு தனபால் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படகை விடவுமில்லை. வெள்ளம் வந்தால் அரிசி, மருந்து, ஆள் எல்லாம் ஏற்றுவார். கர்ப்பிணிகளை மட்டும் ஏற்றமாட்டார். அவர் மறுத்து என் காதில் விழுந்ததில்லை. யாரும் அவரிடம் கேட்டதில்லை. வெள்ளக் காலத்துக்கு முன்னாலேயே மாசமான பெண்களை வெளியூருக்கு அனுப்பிவிடுவது அந்த ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அஞ்சலை அன்றிலிருந்து படகில் கால் வைக்கவில்லை. தண்ணீர் வடியும்வரை திட்டிலேயே இருந்துவிடுவாள்.

இனி பவித்ராவைப் பற்றிச் சொல்லவேண்டும். அஞ்சலையின் மருமகள். நெல்லிக்குப்பத்துப் பெண், அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கரும்பு டிராக்டர்களின் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இந்த ஆற்று அமைதியில் முதல் மாதம் தூக்கமே வரவில்லை என்பாள். புருஷன் சுரேஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாமியாரும் மருமகளும் மட்டும் வீட்டில். இருவருக்கும் பெரிதாகச் சண்டையுமில்லை, ஒட்டுதலுமில்லை. "அத்த நல்லவுங்கதான் சிஸ்டர். ஆனா பேசவே மாட்டாங்க" என்பாள் பவித்ரா.

அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கைகால் லேசாக வீங்க ஆரம்பித்ததால் நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டூர் நிரம்பப் போகிறது என்று செய்தி வந்ததுமே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னேன். அஞ்சலையும் சரி என்றாள். வளைகாப்பு முடிந்த மறுநாள் சாயங்காலம் நெல்லிக்குப்பத்திலிருந்து கார் வருவதாக ஏற்பாடு.

அன்று காலை தண்டோரா போட்டார்கள். தண்ணீர் அடுத்த நாள்தான் வரும் என்றார்கள். ஆனால் மேலே அணையில் திறப்பை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். முற்பகலிலேயே பழைய ஆறு நிரம்பிவிட்டது. நான் சப்-சென்டரில் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ "பாலம் போயிட்டுது" என்று சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் நல்ல வெயில். காற்றுகூட இல்லை. அந்த வெயிலில் தெருக்கோடியில் தண்ணீர் மினுங்கிக்கொண்டு வந்தது.

ஊர் ஜனங்கள் பதறவில்லை. மாடுகளை அவிழ்த்து மேட்டில் கட்டினார்கள். நடுத்திட்டில் மாடி வைத்துக் கட்டிய புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பாயும் பாத்திரமுமாக ஏறினார்கள். இரண்டு நாள் அங்கே இருந்தால் தண்ணீர் இறங்கிவிடும், எப்போதும் நடப்பதுதான். பவித்ராவையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வகுப்பறையில் படுக்கவைத்தோம். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

"தலைய வலிக்குது சிஸ்டர்" என்றாள்.

பி.பி. பார்த்தேன். காலையில் இருந்ததைவிட ரொம்பக் கூடியிருந்தது. கொஞ்சநேரம் விட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் கூடியிருந்தது. "கண்ணு முன்னால மின்மினி மாதிரி பறக்குது" என்றாள். அது பிரசவ வலிப்பு வரப்போவதற்கான அறிகுறி என்று உங்களுக்குத் தெரியும். கையில் இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டேன்.

அந்த டாக்டர் அப்போது வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். என் மகள் வயதுதான். மீட்புப் படையின் ரப்பர் படகுகள் கீழே வேறொரு ஊரில் கூரைமேல் ஏறி நிற்கிறவர்களை இறக்கிக்கொண்டிருப்பதாகவும், பொழுதுசாயத்தான் இந்தப் பக்கம் வரமுடியும் என்றும் சொன்னாள். "காத்திருக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"இருங்க, அத நான் கேக்கக்கூடாது. நீங்கதான் அவளப் பாக்கறீங்க, நான் பாக்கல. இருக்கலாம்னா இருங்க. கெளம்பறீங்கன்னா ஆம்புலன்ஸ் எங்க வந்து நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

என் பணிக்காலத்தில் மேலே இருந்தவர்கள் எனக்கு எத்தனையோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். அன்று அந்தப் பெண் கொடுத்தது உத்தரவு இல்லை. அதைவிடப் பெரியது. முடிவை என் கையில் கொடுத்துவிட்டு, அதன் பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டாள். உங்களில் யாராவது நாளைக்கு மேற்பார்வைக்கு வருவீர்கள். அப்போது இது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

மாடியில் கொஞ்சநேரம் நின்றேன். காத்திருந்தால் எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம். கிளம்பினால் ஆறு. எனக்கு நீச்சல் தெரியாது. கிழக்கே பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் புரண்டு விழும் சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. இரண்டு பக்கமும் பயம். எந்தப் பக்கம் நான் ஏதாவது செய்யமுடியும் என்று யோசித்தேன். வகுப்பறையில் வலிப்பு வந்தால் என்னால் செய்யமுடிந்தது கொஞ்சம்தான். ஆற்றில் வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கீழே வந்து அஞ்சலையிடம் சொன்னேன். அவள் எழுந்து வகுப்பறை வாசலில் நின்றுகொண்டாள்.

"போட்டுல ஏத்த வுடமாட்டேன். செத்தா இங்க என் கண்ணு முன்னால சாவட்டும். ஆத்துல தேடிகிட்டு நிக்க என்னால முடியாது."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். "நர்ஸம்மா சொன்னா கேளு அஞ்சல." "அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா சுரேசுக்கு என்னா பதில் சொல்லுவ." அவள் அசையவில்லை. நான் அவளிடம் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் பயப்பட வேண்டிய காரணம் அந்த ஆற்றில் இருந்தது. பயந்தவர்களிடம் பயப்படாதே என்று சொன்னால், நாம் அவர்களை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டோம் என்றுதான் அவர்களுக்குக் கேட்கும்.

தனபால் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். அவரிடம் போனேன்.

"அண்ணே, பாலத்துப் பக்கம் வேணாம். பழைய ஊர்த் துறையிலேந்து எறங்கினா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார். "அங்க ஆறு அகலம்" என்றார் மெதுவாக. "அகலத்துல வேகம் கம்மிதான். மேலயே எறங்குனா, பாலத்துக்கு வர்றதுக்குள்ள செங்கக் காளவாய்கிட்ட கரை ஏறிடலாம்." "ஆனா நான் புள்ளத்தாச்சிய ஏத்தறதில்லம்மா."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சும் கேக்கறியே."

"வேற யாரக் கேப்பேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். யாருடைய உயிரோ அவளை யாரும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்தேன். நிலைமையை மறைக்காமல் சொன்னேன். இங்கே இருந்தால் இது ஆகலாம், போனால் இது ஆகலாம், எனக்குப் போகலாம் என்று தோன்றுகிறது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன்.

அவள் கண்ணை மூடியபடியே இருந்தாள். "நான் போட்டுல ஏறுனதே இல்ல சிஸ்டர். பிச்சாவரத்துக்குக் கூட்டிகிட்டுப் போறேன்னு அவரு சொல்லிகிட்டே இருப்பாரு. பயமா இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அத்த வந்தா வர்றேன்."

வாசலில் நின்ற அஞ்சலைக்கு அது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது வற்புறுத்துவதாக ஆகியிருக்கும். சிறிது நேரம் கழித்து என் பின்னால் அவள் குரல் வந்தது.

"தம்பி, போட்டக் கொண்டா."

தனபாலிடம்தான் சொன்னாள். அவர் படியிறங்கிப் போனார். நான் டாக்டருக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸை வடகரைக் காளவாய்க்கு அனுப்பச் சொன்னேன்.

படகைத் தெரு வழியாகவே பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்து வந்தார்கள். மெத்தை போட்டுப் பவித்ராவை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தோம். நானும் அஞ்சலையும் தனபாலும் ஆளுக்கொரு காற்றடைத்த லாரி டியூபை இடுப்பில் கட்டிக்கொண்டு, பவித்ராவின் தோளோடு ஒன்றைக் கட்டினோம். ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகை மேற்கே தள்ளினார்கள். முல்லைத் தோட்டங்களின் மேலாகப் போனோம். பறிக்காமல் விட்ட மொட்டுகள் தண்ணீருக்குள்ளேயே வெள்ளையாகத் தெரிந்தன. படகின் அடியில் கொடிகள் உரசின. பழைய பள்ளிக்கூடச் சுவர் முழுகியிருந்தது. கோயிலின் கலசம் மட்டும் வெளியே. அங்கே தள்ளி வந்தவர்கள் நின்றுகொள்ள, துடுப்புக்கு ஒருவர் மட்டும் ஏறினார். தனபால் கழியை ஊன்றினார். படகு ஆற்றுக்குள் போனது.

நான் பவித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரின் பக்கம் திரும்பவே இல்லை. நடு ஆற்றில் வேரோடு வந்த ஒரு வாழைக்கூட்டம் படகின் மேல் மோதியது. படகு அரைவட்டம் சுற்றியது. பவித்ரா அலறவில்லை, ஆனால் உடம்பு விறைத்தது. அப்போது அஞ்சலை அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"உங்க ஊரு ஆல ஓடறப்ப ஒரு வாசன வரும்னியே. எப்புடி இருக்கும் சொல்லு."

"இப்பவா அத்த?"

"இப்பத்தான். சொல்லு."

"வெல்லம் காய்ச்சறாப்ல இருக்கும். ஆனா கொஞ்சம் கருகுனாப்ல." கண்ணை மூடிக்கொண்டே பவித்ரா சொன்னாள். "டிராக்டரெல்லாம் ரோட்டு ஓரமா நிக்கும். நாங்க ஸ்கூல் வுட்டு வர்றப்ப பின்னாலேந்து கரும்ப உருவுவோம். டிரைவரு பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாரு."

"திருட்டுக் கழுத" என்றாள் அஞ்சலை. "இன்னும் சொல்லு."

அந்தப் பெண்களின் பேச்சு நிற்காமல் நடந்தது. வருஷம் முழுக்க ஒரே வீட்டில் பேசாததை ஆற்றுக்கு நடுவில் பேசினார்கள். தனபால் கழி எட்டாத ஆழத்தில் துடுப்பை வாங்கிக்கொண்டார். படகை ஆற்றோடு சண்டைபோடவிடாமல், சாய்வாக, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே கொண்டுபோனார். கிழக்கே பாலத்தின் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. காளவாயின் செம்மண் கரை எதிரே வந்தது. கரையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் கயிற்றை வீச, தனபால் பிடித்தார்.

மேட்டில் வண்டி ஏறவில்லை. காளவாயில் வேலை பார்த்தவர்கள் கயிற்றுக்கட்டில் கொண்டுவந்து அவளைத் தூக்கிப்போனார்கள். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே தகவல் போயிருந்தது. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோன சிறிது நேரத்தில் பவித்ராவுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்போது அவளைச் சுற்றி டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இருந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. பவித்ரா அடுத்த நாள் கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

இதைச் சொல்வதால் நான் எடுத்த முடிவு சரி என்று நிரூபிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வாழைக்கூட்டம் இன்னும் கொஞ்சம் பலமாக மோதியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்கமாட்டேன். முடிவு சரியா தப்பா என்பது பின்னால்தான் தெரியும். முன்னால் நம் கையில் இருப்பது, தெரிந்துகொள்ள முடிந்ததை எல்லாம் தெரிந்துகொண்டோமா, கேட்க வேண்டியவர்களைக் கேட்டோமா என்பது மட்டும்தான். பழைய ஊர்த் துறை என்று ஒன்று இருப்பது எனக்கு அந்த ஊரின் கதவு எண்களால் தெரிந்தது. அது தெரியாமல் போயிருந்தால் அன்று என்னிடம் பாலத்து வழி மட்டும்தான் இருந்திருக்கும், அந்த வழிக்கு அஞ்சலையும் தனபாலும் வந்திருக்கமாட்டார்கள், வரவும் கூடாது.

தனபால் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆனால் வார்டுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இன்குபேட்டரிலிருந்து குழந்தையை வெளியே எடுத்த அன்று அஞ்சலை துணியில் சுற்றி அவரிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன்.

"கையில சேத்து வாட அடிக்கும் அண்ணி" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆத்துல பொறக்க இருந்தது. அதுக்கு என்னா வாட" என்று அவள் அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சுவிட்டால் குழந்தை உடைந்துவிடும் என்பதுபோல.

"கஸ்தூரின்னு பேரு வெக்கலாம்னு இருக்கேன். பவித்ராவும் சரின்னுட்டா" என்றாள் அஞ்சலை.

தனபால் வெகுநேரம் குழந்தையைப் பார்த்தார்.

"வேணாம் அண்ணி" என்றார். "அவ பேரு அவளுக்கே இருக்கட்டும். இது புதுசா வந்துருக்கு. இது மேல அதயெல்லாம் ஏத்தாதீங்க."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெயரைப் பவித்ராதான் வைத்தாள். அவள் பள்ளியில் படித்தபோது பிடித்த டீச்சரின் பெயராம்.

அவர்கள் வீடு திரும்பிய அன்று நானும் புங்கந்திட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. தரைப்பாலம் சேறும் குப்பையுமாக மேலே தெரிந்தது. ஓரங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சலசலத்தது. பவித்ராவைக் கைவண்டியில் உட்காரவைத்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். தனபால் மூட்டையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். அஞ்சலை குழந்தையோடு கடைசியாக வந்தாள். நான் அவள் பக்கத்தில்.

பாலத்தின் நடுவே அவள் நின்றாள். கீழே, பாலத்துக்கு மறுபக்கம், கஸ்தூரியின் படகு கவிழ்ந்த இடத்தில், ஆழமாக அரித்திருந்த ஒரு மடுவில் தண்ணீர் தெளிந்து நின்றது. அவள் குழந்தையின் முகத்தில் விழுந்திருந்த துணியை விலக்கி, அந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"தே, ஒஞ் சின்ன ஆயா" என்று குழந்தையிடம் சொன்னாள். பிறகு தண்ணீரிடம், "பாத்துக்கடி" என்றாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த தனபால் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் மூட்டையோடு நடந்துகொண்டேதான் இருந்தார். ஆனால் நடையைக் குறைத்துக்கொண்டார், நாங்கள் போய்ச் சேர்ந்துகொள்கிற அளவுக்கு.